இழந்த முதலும் எழுதாத நூலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில் தொடங்குவோர் கற்க வேண்டிய நூல்கள்" என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "உங்களுக்கும் தொழிலுக்கும் என்னம்மா தொடர்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்து பட்டம் பெற்றவள். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் கற்பித்து வருபவள். ஒரு பெட்டிக்கடை வைத்து நடத்திய அனுபவமும் எனக்கு இல்லை. எனவே தொழிலதிபர்களுக்கு அறிவுரை கூறும் தகுதியோடு நான் இங்கு நிற்கவில்லை. தொழில் கற்க விரும்பும் ஒருவர் தமிழிடம் வந்து கேட்டால் அவருக்குத் தமிழ் எதைத் தரும், எதைத் தர இயலாமல் கைவிரிக்கும் என்பதை மட்டும் உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

இந்த எண்ணம் என்னுள் எழக் காரணமாயிருந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் பெண்களுக்கான தொழில்முனைவோர் பயிற்சி ஒன்று நடைபெற்றது. மூன்று நாள் வகுப்பு. ஆங்கிலத்தில் இருந்த கையேட்டைத் தமிழாக்கி வைத்திருந்தார்கள். பிழை திருத்தித் தருமாறு என்னிடம் கேட்டார்கள். ஒற்றுப் பிழைகளையும் சந்திப் பிழைகளையும் நீக்கிக் கொடுத்தேன். என் கடமை முடிந்தது என்று கருதினேன். வகுப்பைப் பார்க்க வருமாறு அழைத்ததால் இரண்டாம் நாள் சென்று பின் வரிசையில் அமர்ந்தேன். மசாலாப் பொடி அரைத்து வீடு வீடாக விற்கும் சகோதரி ஒருவர் என் அருகில் இருந்தார். கையேட்டில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து என்னிடம் கேட்டார்:

"அம்மா, பசின்னா எனக்குத் தெரியும். இடர்ப்பசின்னா என்னங்கம்மா?"

அந்தச் சொல்லை நானும் படித்திருந்தேன். அதில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்தேனே அன்றிப் பொருள் என்ன என்று எண்ணிப் பார்க்கவில்லை. சற்றுத் தடுமாறி, "தொழிலில் நட்டம் வந்தால் எவ்வளவு வரை தாங்கிக்கொள்ள நீங்கள் அணியமாய் இருக்கிறீர்கள் என்பது" என்றேன். அவர், "எவ்வளவு போனா தாங்குவேன்னு எழுதியிருந்தா எனக்கே புரிஞ்சிருக்குமே" என்றார். அன்று அந்த அரங்கில் தமிழ் அறிந்தவர் யார், அறியாதவர் யார் என்று இன்றளவும் எண்ணிப் பார்க்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் அவர் தம் பையிலிருந்து ஒரு கடன் தாளை எடுத்து நீட்டினார். முழுவதும் ஆங்கிலம். அடியில் அவருடைய கையொப்பம். 50,000 ரூபாய் கடன், பன்னிரண்டு மாதத் தவணை, ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. மாதந்தோறும் 4,667 ரூபாய் கட்டிவந்தார். "ஒரு ரூபாய் வட்டிதானேம்மா, குறைச்சல்தானே?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வணிகவியல் துறையிலுள்ள தோழியிடம் காட்டியபோதுதான் உண்மை விளங்கியது. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முதல்நாள் வாங்கிய 50,000 ரூபாய்க்கே இறுதிவரை கணக்கிடப்படுகிறது. ஆறு மாதத்தில் பாதி அசலைத் திருப்பிக் கொடுத்த பின்னரும் முழு அசலுக்கும் வட்டி கட்டுகிறார். நிலுவைக்கு மட்டும் வட்டி என்ற முறையில் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த 12 விழுக்காடு உண்மையில் 21 விழுக்காட்டைத் தாண்டுகிறது. தாளில் பொய் எதுவும் எழுதப்படவில்லை. அவருக்குப் புரியும்படி எழுதப்படவும் இல்லை.

அன்றிரவு நான் என்னையே கேட்டுக்கொண்டேன். இவ்வளவு பெரிய இலக்கியச் செல்வத்தை உடைய மொழி, உழைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்கு ஒரு கடன் தாளைப் படித்துக்காட்ட முடியாதா?

புலவரும் வணிகரும்

இலக்கியம் வேறு, வணிகம் வேறு என்று எண்ணும் வழக்கம் நமக்குப் பிற்காலத்தில் வந்தது. சங்கப் புலவர்களின் பெயர்களைச் சற்றே நினைவிற்குக் கொண்டு வாருங்கள். மணிமேகலை தந்த சீத்தலைச் சாத்தனார் மதுரைக் கூலவாணிகர்; தானியம் விற்றவர். இளவேட்டனார் மதுரை அறுவை வாணிகர்; துணி விற்றவர். முல்லைப்பாட்டு இயற்றிய நப்பூதனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகரின் மகனார். உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடல் புறநானூற்றில் உள்ளது. இவர்கள் தங்கள் தொழிற்பெயரைப் பாட்டிலிருந்து மறைக்கவில்லை, தொகுத்தவர்களும் மறைக்கவில்லை. பகலில் படியளந்த கைகள் இரவில் ஏடெழுதியிருக்கின்றன. ஆகவே தொழிலைப் பற்றி இந்த அரங்கில் பேசுவது புறம்பானதன்று. நம் முன்னோர் அமர்ந்திருந்த இடத்தில் மீண்டும் சென்று அமர்வதேயாகும்.

தமிழ் தந்த மூன்று கல்விகள்

தொழில் செய்வார்க்குத் தமிழ் மூன்று வகையான கல்வியைத் தந்திருக்கிறது.

முதலாவது கணக்குக் கல்வி. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். முழு எண் வாய்பாடு மட்டுமன்று; அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரை வாயாலேயே பெருக்கினார்கள். நெல் அளப்பதும், பொன் நிறுப்பதும், நிலம் அளப்பதும் அக்கல்வியால் நடந்தன. காரிநாயனாரின் கணக்கதிகாரம் கணக்கைச் செய்யுளில் தந்தது. ஒரு பலாப்பழத்தை வெட்டாமலே அதனுள் எத்தனை சுளை என்று அறிய அந்நூல் ஒரு வழி கூறுகிறது. காம்பருகே உள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். ஒவ்வொரு பழத்திற்கும் இது பொருந்துமா என்று நான் வெட்டிப் பார்த்ததில்லை. ஆயினும், வாங்குவதற்கு முன் புறத்தைப் பார்த்து அகத்தை மதிப்பிடு என்ற பயிற்சி அதில் இருக்கிறதல்லவா? கொள்முதல் செய்யும் வணிகனுக்கு அதைவிட இன்றியமையாத பாடம் எது?

இரண்டாவது அறிவும் அறமும் சேர்ந்த கல்வி. திருக்குறளின் பொருட்பாலில் 70 அதிகாரங்கள் உள்ளன. அரசனுக்குச் சொல்லப்பட்டவை என்று நாம் வகுப்பில் கூறிவிட்டுக் கடந்து செல்கிறோம். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் ஆறு அதிகாரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். செலவு, வரவு, மிச்சம் ஆகியவற்றை எண்ணிப் பார், உன் வலிமையை அளந்து பார், காலம் பார், இடம் பார், ஆளைத் தேர்ந்தெடு, தேர்ந்தவனிடம் வேலையை ஒப்படை. ஒரு தொழிலைத் தொடங்கும் முறைப்படியே அவை அமைந்திருக்கின்றன. வருங்கால இலாபத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலில் அறிவுடையார் இறங்கமாட்டார் என்று வள்ளுவர் எச்சரிக்கிறார். வருவாய் சிறிதானாலும் செலவு அதனை மீறாதிருந்தால் கேடில்லை என்கிறார். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்கிறார். சிறு சிறு தவணைக் கடன்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொள்ளும் இன்றைய கடைக்காரர் ஒவ்வொருவரும் அந்த மயிலிறகின் எடையை அறிவார். அறத்துப்பாலில் நடுவுநிலைமையில், பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்ற கருத்தும் இருக்கிறது.

மூன்றாவது வேலையோடு கூடிய கல்வி. நகரத்தார் பெருமக்கள் தம் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே பெட்டியடிக்கு அனுப்பினார்கள். பெட்டியடிப் பையன் கடையைப் பெருக்குவான், ஏவிய வேலையைச் செய்வான், பெரியவர்கள் பேசுவதைக் கேட்பான், கணக்கெழுதப் பழகுவான். பின்னர் அடுத்தாள், அதன்பின் மேலாள் என்று உயர்ந்து, பர்மாவிலோ மலேயாவிலோ இலங்கையிலோ ஒரு கடையையே நடத்தும் பொறுப்பை ஏற்பான். தாளில் இல்லாத ஒரு பாடத்திட்டம் அது. கோவையின் ஜி. டி. நாயுடு அவர்கள் பள்ளிப் படிப்பை நாடாதவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொடங்கியவர். பின்னாளில் அவரே தொழிற்கல்வி நிலையம் காண முனைந்தார் என்றால், கையால் கற்றதன் அருமையை அவர் உணர்ந்திருந்தார் என்பதே காரணம்.

இவற்றோடு இக்காலத்தின் கொடைகளையும் நன்றியோடு நினைக்க வேண்டும். 1978 முதல் மாவட்டத் தொழில் மையங்கள் இயங்குகின்றன. சென்னை கிண்டியில் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் 2001இல் அமைந்தது. நூலுலகில் அப்துற்-றஹீம், தமிழ்வாணன், எம். எஸ். உதயமூர்த்தி போன்றோர் தன்னம்பிக்கை நூல்களால் பல்லாயிரம் இளைஞர்க்கு நெஞ்சுரம் ஊட்டினார்கள். உதயமூர்த்தியின் எண்ணங்கள் நூலைப் படித்துவிட்டு வேலை தேடுவதை விட்டுத் தொழில் தொடங்கிய மாணவர்கள் எனக்கும் உண்டு.

கணக்கு இருக்கிறது, அறம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, ஊக்கமும் இருக்கிறது. பின் எதுதான் இல்லை?

இல்லாத நூல்

தோற்றவர் தம் தோல்வியைத் தாமே சொன்ன நூல் நம்மிடம் மிகக் குறைவு. வென்றவர் வரலாறு கடைகளில் அடுக்கடுக்காகக் கிடைக்கிறது. ஆனால் தொழில் தொடங்கும் ஒருவர் முதலில் அறிய வேண்டியது, தம்மைப் போன்ற ஒருவர் எந்த இடத்தில் சறுக்கினார் என்பதைத்தான். வென்றவரின் வழியை எல்லோராலும் பின்பற்ற முடிவதில்லை. வழுக்கிய இடம் தெரிந்தால் எல்லோரும் விலகி நடக்க முடியும்.

வ. உ. சிதம்பரனாரை எண்ணிப் பாருங்கள். அவர் செக்கிழுத்ததை அறியாத மாணவர் இல்லை. 1906இல் அவர் தோற்றுவித்த சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? பெரிய முதலாளிகள் சிலரை மட்டும் நம்பாமல் சிறிய பங்குகளாகப் பிரித்து மக்களிடம் சென்ற அந்த ஏற்பாடு ஒரு பெரும் தொழிற்பாடம். எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அவரை நெருக்கியது இன்னொரு பாடம். ஆழ்ந்த கையிருப்பு உடையவன் விலைப்போரில் இறங்கினால் சிறியவன் என்ன செய்வது என்ற கேள்வி இன்றும் நம் மளிகைக் கடைக்காரர்களின் கேள்வியாக இருக்கிறதே! 1908இல் அவர் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912இன் இறுதியில் விடுதலையாகி வெளியே வந்தபோது அவர் கட்டிய நிறுவனம் இல்லை. சிறையிலிருந்தபோது ஜேம்ஸ் ஆலனின் நூலை மனம்போல வாழ்வு என்று தமிழாக்கினார். தொழிலை இழந்துகொண்டிருந்த ஒருவர், தன்னம்பிக்கை நூல் ஒன்றைத் தமிழுக்குத் தந்துகொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. நாமோ அவரைத் தியாகியாகப் போற்றினோம், தமிழறிஞராகப் போற்றினோம், அவருடைய கம்பெனியை ஒரு பாடமாகப் படிக்க நீண்ட காலம் எடுத்துக்கொண்டோம். வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி இக்கம்பெனியின் வரலாற்றைத் தனிப் பெருநூலாக ஆங்கிலத்தில் வெளியிட்டது 2023இல்தான்.

பர்மாவில் வட்டித்தொழில் செய்த நம்மவர் கதையும் அத்தகையதே. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடன் வாங்கிய உழவர்களால் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம் அப்பத்தாண்டின் முடிவில் செட்டியார்களிடம் இருந்தது. அவர்கள் விரும்பியது நிலத்தையன்று, பணத்தை. நிலத்தைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவர முடியுமா? அந்நில உழவர்களின் மனக்கசப்பும் உடன் வந்தது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பலரும் உயிரைக் காத்துக்கொண்டு வெளியேறினர். பின்னர் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது. கடனுக்கு ஈடு இருக்கிறது என்பது வேறு, கொடுத்த பணம் திரும்பும் என்பது வேறு என்ற பாடத்தை ஒரு தலைமுறையே விலை கொடுத்துக் கற்றது. அந்தப் பாடம் வீடுகளில் பெருமூச்சாக இருக்கிறது. நூலகங்களில் தேடினால் அரிதாகத்தான் கிடைக்கிறது.

கோவலன் கேட்காத கேள்வி

இழப்பைச் சொல்ல நம்மைத் தடுப்பது எது? அதற்கு விடையை நான் சிலப்பதிகாரத்தில் கண்டேன்.

நாம் கோவலனைக் காதலனாகப் படிக்கிறோம். ஊழின் வழிச் சென்றவனாகப் படிக்கிறோம். அவன் வணிகன் என்பதை மறந்துவிடுகிறோம். மாசாத்துவானின் மகன், மாநாய்கனின் மருமகன். குலம் தந்த பொருளை எல்லாம் தொலைத்துவிட்டு வீட்டிற்கு வருகிறான். அந்த வறுமை தனக்கு நாணத்தைத் தருகிறது என்று அவனே சொல்கிறான். கண்ணகி சிலம்பைத் தருகிறாள். அதை முதலாகக் கொண்டு, இழந்ததை மதுரையில் மீட்கப் போவதாகக் கூறுகிறான். அவ்விடத்தில் இளங்கோவடிகள் ஆண்ட சொல் முதல் என்பதே. வணிகர் மூலதனத்தைக் குறிக்கும் அதே சொல். ஒரு வணிகன் எஞ்சியிருந்த கடைசி முதலோடு புதிய ஊரில் மீண்டும் தொழில் தொடங்கச் செல்கிறான். அதுதான் நம் முதற்காப்பியத்தின் கதை.

மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தி அடிகளிடம் கண்ணகியை விட்டுவிட்டு, நகரத்து வணிகர்களிடம் தன் நிலையை உணர்த்தி வருவதாகச் சொல்லித்தான் அவன் புறப்படுகிறான். நல்ல முடிவு. ஆனால் ஊர்காண் காதை முழுவதும் அவன் நகரைச் சுற்றிப் பார்க்கிறான். வீதிகளைக் காண்கிறான், மணிகள் விற்கும் கடைகளைக் காண்கிறான், பொற்கடைத் தெருவையும் அறுவை வீதியையும் கூல வீதியையும் காண்கிறான், மகிழ்ந்து திரும்புகிறான். எந்த வணிகனிடமும் தன் நிலையைச் சொன்னதாகக் காப்பியம் கூறவில்லை. உன் குலத்து வணிகர் உன்னை அறிந்தால் ஏற்றுக்கொள்வர் என்று பெரியோர் எடுத்துச் சொன்ன பின்னரும், மறுநாள் தனியாகச் சிலம்பை எடுத்துச் சென்று, எதிர்ப்பட்ட பொற்கொல்லனிடம் விலை கேட்கிறான். அதன் பின் நடந்தவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊழ்வினை என்று அடிகள் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு தொழிலாசிரியர் இந்தக் காதையைப் படித்தால், "ஏனப்பா, முந்திய நாள் அந்தக் கடைவீதியில் ஒருவரிடமாவது வாய் திறந்திருக்கக் கூடாதா?" என்று கேட்பார். அவன் வாயை அடைத்தது அறியாமையன்று. நாணம். பொருளை இழந்தவன் என்று தன் இனத்தார் முன் நிற்க முடியாத நாணம்.

ஒரு பேரேடு

இதை நான் நூலிலிருந்து மட்டும் அறியவில்லை. இந்த அவையில் சொல்லத் தயங்கிய ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். 1998இல் அதை மூடினார். நான் அப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி. "வியாபாரம் சரியில்லைம்மா" என்று சொன்னார். அதற்குமேல் ஒரு சொல்லும் சொன்னதில்லை. பின்னர் வேறொருவர் கடையில் கணக்கெழுதினார். அவர் மறைந்த பிறகு பரணில் ஒரு துணிமூட்டையில் அவருடைய சிட்டைகளும் பேரேடும் கிடைத்தன. மேலே பிள்ளையார் சுழி. அடுத்து லாபம் என்ற சொல். அதன்கீழ் அவருடைய அழகிய கையெழுத்து. பழந்தமிழ் நூல்களின் உரைகளை எல்லாம் படித்த நான், என் தந்தை எழுதிய ஒரே நூலை அன்றுதான் படித்தேன்.

வியாபாரம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில், மொத்தக் கடைகளுக்கு அவர் கொடுக்க வேண்டியது 74,000 ரூபாய். அவருக்கு வரவேண்டியது 1,12,000 ரூபாய். என் தந்தை கடனால் அழிந்தவர் அல்லர். கடன் கொடுத்து அழிந்தவர். பேரேட்டில் இலாபம் இருந்தது. பெட்டியில் பணம் இல்லை. பாக்கி வைத்திருந்தவர்கள் பெயரைப் பார்த்தேன். உறவினர்கள், அண்டை வீட்டார், என் திருமணத்தில் முன்வரிசையில் அமர்ந்து வாழ்த்தியவர்கள். கேட்க நாணியிருக்கிறார்.

இன்னும் ஒன்று. கடைச் செலவுகளுக்கு நடுவே ஓரிடத்தில், "மகள் – கல்லூரி – 1,850" என்று இருந்தது. அதுபோல் பல வரிகள். கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் பிரித்து வைக்க வேண்டும் என்பது பயிற்சி வகுப்பில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். அந்தப் பாடத்தை மீறித்தான் நான் படித்தேன். நான் பெற்ற முனைவர் பட்டத்திற்கு முதல், அந்தக் கடையின் முதல். சரக்கு வாங்க வேண்டிய பணத்தில் எனக்குத் தமிழ் வாங்கித் தந்திருக்கிறார்.

அவர் இதை ஒரு நாள் என்னிடமோ, கடைத்தெருவில் புதிதாகக் கடை வைத்த ஓர் இளைஞனிடமோ சொல்லியிருந்தால், அடுத்த கடை ஒன்று பிழைத்திருக்கக் கூடும். ஆனால் அவருக்கு அதைச் சொல்ல ஓர் இடம் இருந்ததா? கேட்க ஒரு காது இருந்ததா?

நாம் செய்யக்கூடியவை

தொழில்முனைவோர் பயிற்சியில் புகழ்பெற்ற ஒரு சோதனை 1964ஆம் ஆண்டு ஆந்திரத்தின் காக்கிநாடாவில் நடந்தது. உளவியல் அறிஞர் டேவிட் மெக்லெலண்ட் அவ்வூர் வணிகர்களுக்கு ஐதராபாத்தில் பயிற்சி அளித்தார். அப்பயிற்சியின் முக்கியமான பகுதி எது தெரியுமா? கதை எழுதுவது. ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றி ஒரு கதை எழுதச் சொன்னார்கள். எழுதியதைத் தாமே ஆராய்ந்து, தம் மனத்தின் போக்கை அறியச் செய்தார்கள். ஒரு மனிதன் தன்னைப் பற்றி எத்தகைய கதையைச் சொல்லிக்கொள்கிறானோ அதற்கேற்பவே அவன் முயற்சி அமையும் என்பது அவர் கொள்கை. கதை சொல்லக் கற்பிப்பது யார் தொழில்? இந்த அவையில் இருக்கும் உங்கள் தொழில் அன்றோ!

ஆதலால் பத்தாம் ஆண்டை நிறைவு செய்திருக்கும் நம் வட்டத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, சொல். கடன் தாள்களிலும் பயிற்சிக் கையேடுகளிலும் வரும் சொற்களுக்கு, உழைப்பவர் வாயில் ஏற்கெனவே உள்ள தமிழைத் தேடித் தொகுப்போம். கைமுதல், கொள்முதல், கைமாற்று, நிலுவை, பாக்கி, சிட்டை, பேரேடு என்று கடைத்தெருவில் உயிரோடு உலவும் சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்க, இடர்ப்பசி எதற்கு? 2024 அக்டோபர் முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் புதிய கடன்களுக்கு உண்மையான ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் விவரத்தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கவும் படித்துப் புரிந்துகொள்ளவும் நம் ஊர்ப் பெண்களுக்குத் துணை நிற்பதும் தமிழ்த்தொண்டே.

இரண்டு, செவி. ஆண்டிற்கு நான்கு கூட்டங்களையேனும் தொழில் செய்தோருக்கு ஒதுக்குவோம். வென்றவர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்த வேண்டாம்; அதற்கு வேறு மேடைகள் உண்டு. கடையை மூடியவரை அழைப்போம். பட்டறையை விற்றவரை அழைப்போம். இடையே குறுக்கிடாமல் கேட்போம். காதலில் தோற்றவன் கவிதைக்குக் கைதட்டுகிறோமே, தொழிலில் தோற்றவன் சொல்லுக்கு ஏன் காது கொடுக்கக் கூடாது?

மூன்று, நூல். அப்படிச் சொன்னவற்றை, அவர்கள் இசைவோடு, பெயர் மறைக்க வேண்டியவர் பெயரை மறைத்து, எளிய தமிழில் எழுதி வெளியிடுவோம். எவ்வளவு முதல், எங்கே போயிற்று, எந்த நாளில் தெரிந்தது, யாரிடம் கேட்டிருக்கலாம் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை இருந்தால் போதும். நமது இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது அத்தகைய நூல் ஒன்று அதனருகில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

நூல் எழுதுவோர் முதல்நூல், வழிநூல் என்று பிரிப்பர். வேற்று மொழியிலிருந்து தொழில் நூல்களை மொழிபெயர்த்துக்கொள்வது வழிநூல்; அதுவும் வேண்டும். ஆனால் நம் கடைத்தெருக்களின் முதல்நூல் பரண்களில் துணிமூட்டைகளில் கிடக்கிறது. அவற்றை இறக்கிப் படிக்கத் தமிழ் கற்றவர்கள் வேண்டும்.

அந்த மசாலாப் பொடிச் சகோதரி கடனைக் கட்டி முடித்துவிட்டார். இப்போது ஒரு சிட்டை எழுதுகிறார். கடைக்கு ஒன்று, வீட்டிற்கு ஒன்று என இரண்டு குறிப்பேடுகள். முதல் பக்கத்தில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டார். "எவ்வளவு போனால் தாங்குவேன்" என்று எழுதி, அதன் எதிரே ஒரு தொகையைக் குறிக்கச் சொன்னேன். நெடுநேரம் யோசித்து 5,000 என்று எழுதினார். தொழில் கற்பார்க்குரிய முதல்நூலின் முதல் வரியை நான் அன்று கண்ணாரக் கண்டேன்.